பெறுதலும் பெறாமையும்: கருத்தடை பற்றிய தமிழ் எழுத்தின் சொல்லும் நோக்கும்

1

தமிழில் ‘பெறு’ என்னும் வினையடி இரு பொருள் தருவது. ஒன்றை அடைதலும் பெறுதலே. பிள்ளையை ஈனுதலும் பெறுதலே. ‘பேறு’ என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும், மகப்பேற்றையும் குறிக்கும். திருக்குறளின் ஏழாம் அதிகாரம் பரிமேலழகர் உரைவழிப் பதிப்புகளில் ‘புதல்வரைப் பெறுதல்’ எனவும் வேறு பதிப்புகளில் ‘மக்கட்பேறு’ எனவும் தலைப்புப் பெற்றிருத்தல் யாவரும் அறிந்ததே. மணமக்களை வாழ்த்துவோர் பதினாறும் பெறுக என வாழ்த்துகின்றனர். கல்வி, புகழ், வெற்றி, நன்மக்கள் முதலாக எண்ணப்படும் பேறுகள் பதினாறு என்பதே அவ்வாழ்த்தின் பொருளாக இருக்க, அதனைப் பதினாறு பிள்ளைகள் என்று கொள்ளும் வழக்கு வேடிக்கையாகத் தொடங்கி, பலர் மனத்தில் மெய்ப்பொருளாகவே நிலைபெற்றுவிட்டது. பதினாறு பேறுகளுள் ஒன்றாக நின்ற மக்கட்பேறு ஏனைய பதினைந்தையும் விழுங்கிவிட்டது எனலாம்.

இத்தகைய மொழிமரபிலே, பிள்ளை பெறாதிருப்பதற்கான வழியினை ஒரு பெண் எவ்வாறு பெறுவது என்னும் வினா எழுவதே ஒரு முரணாகத் தோன்றும். ஆயினும் அவ்வினா நம் நாட்டில் நாள்தோறும் எழுகின்றது. அதற்கு விடைகூறும் நோக்குடன் கடந்த பல பத்தாண்டுகளாகத் துண்டுப் பிரசுரங்களும் கையேடுகளும் சுவரொட்டிகளும் வெளியிடப்பட்டு வந்துள்ளன. இவை இலக்கியமல்ல எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் நம் காலத்துத் தமிழுரைநடையிற் பெருந்தொகையான மக்களின் வாழ்வை நேரடியாகத் தொடுவது இத்தகைய எழுத்தே என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒரு நாவலைப் படியாத பெண்ணும் சிகிச்சை நிலையத்தின் சுவரில் ஒட்டப்பட்டதைப் படிக்கின்றாள். அதிற் காணும் சொல்லைக்கொண்டே தன் உடல் பற்றிய முடிவினை அவள் செய்ய வேண்டியுள்ளது. எனவே அவ்வெழுத்தின் சொல்லையும் நோக்கையும் விமர்சனக் கண்கொண்டு ஆராய்தல் தமிழாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டதன்று.

கருத்தடைச் சாதனங்கள் நம் நாட்டிற் கிடைக்கின்றனவா என்பது இக்கட்டுரையின் முதன்மை வினாவன்று. அவை கிடைக்கின்றன, பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசும் தமிழ், பெண்ணைப் பெறுபவளாகக் கொள்கின்றதா, அன்றி யாரோ கொடுப்பதை ஏற்பவளாகக் கொள்கின்றதா என்பதே நாம் எழுப்பும் வினா.

2

கருத்தடை பற்றிய தமிழ்ச் சிந்தனையின் வரலாற்றில் முதலிற் கருதத்தக்கது சுயமரியாதை இயக்கத்தின் பங்களிப்பாகும். 1925ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டில் உருப்பெற்ற அவ்வியக்கத்தின் தலைவர் ஈ. வெ. இராமசாமி எழுதிய ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலில் ‘கர்ப்பத்தடை’ என்னும் தலைப்பில் ஓர் அத்தியாயம் உண்டு. அவ்வத்தியாயத்தின் சிறப்பு அது கர்ப்பத்தடையை ஆதரித்தது என்பதன்று. அக்காலத்தில் வேறு பலரும் அதனை ஆதரித்தனர். பெண்களின் உடல்நலத்தைக் கருதி ஆதரித்தோர் இருந்தனர். நாட்டின் வறுமையைக் கருதி ஆதரித்தோர் இருந்தனர். குடும்பச் சொத்துச் சிதறாதிருத்தலைக் கருதி ஆதரித்தோரும் இருந்தனர். பெரியார் தமது காரணம் இவற்றினின்றும் வேறுபட்டது எனத் தெளிவாகப் பிரித்துரைத்தார். பெண்கள் விடுதலையடையவும் சுயேச்சை பெறவும் கர்ப்பத்தடை அவசியம் என்பதே அவரது வாதம்.

இப்பிரித்துரைப்பு மிக நுண்ணியது. ஏனைய காரணங்கள் யாவும் நிலைமைக்கேற்ப மாறக்கூடியவை. வறுமை நீங்கின் வறுமை பற்றிய வாதம் விழுந்துவிடும். சனத்தொகை குறைகின்றது என்னும் அச்சம் தோன்றின், சனத்தொகை பற்றிய வாதம் எதிர்த்திசையில் திரும்பி, அதிகம் பெறுக என்று பெண்ணை வற்புறுத்தும். பெண்ணின் சுயேச்சை என்னும் காரணம் ஒன்றே எக்காலத்தும் ஒரே திசையில் நிற்பது. பிள்ளை வேண்டாம் என்பவளுக்கும், பிள்ளை வேண்டும் என்பவளுக்கும், இப்போது வேண்டாம் பின்னர் வேண்டும் என்பவளுக்கும் அது சமமாகப் பயன்படும். தமிழில் கருத்தடை பற்றிய எழுத்து தொடங்கிய காலத்திலேயே இவ்வளவு தெளிவான ஓர் அளவுகோல் நமக்குக் கிடைத்திருந்தது என்பது பெருமைக்குரியதே. பின்னர் வந்த எழுத்து அவ்வளவுகோலைக் கைநழுவவிட்டது என்பதே நமது குறை.

ஆயினும் அவ்வத்தியாயத்தின் எல்லையையும் சுட்டாமல் விடுதல் நேர்மையாகாது. அது ‘ஏன்’ என்னும் வினாவை முதன்மையாகக் கொண்டது. விவாத அரங்கிலே எதிர்ப்பாளரை நோக்கிப் பேசும் குரலே அதில் ஓங்கி ஒலிக்கின்றது. எங்கே செல்வது, யாரைக் கேட்பது, கேட்க நாணினால் என் செய்வது என்பனவாகிய வினாக்களோடு நிற்கும் பெண்ணை அருகழைத்துப் பேசும் குரல் வேறொன்று. அக்குரலை உருவாக்கும் பொறுப்பு அடுத்த தலைமுறையினரின் எழுத்துக்கு உரியதாயிற்று.

3

இலங்கையில் இம்முயற்சி வேறொரு வழியாக வளர்ந்தது. கனடாவிற் பிறந்து, இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டையே தம் பணிக்களமாகக் கொண்ட வைத்தியர் மேரி இரட்ணம் 1937ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒரு கருத்தடைச் சிகிச்சை நிலையத்தைத் தொடக்கினார். 1953இல் இலங்கைக் குடும்பத்திட்டச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் சிகிச்சை நிலையங்களிற் பணியாற்றிய முன்னோடிகளுள் வைத்தியர் சிவா சின்னத்தம்பி குறிப்பிடத்தக்கவர். 1958இல் சுவீடன் அரசாங்கத்துடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் பயனாக முன்னோடித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 1965இல் அரசாங்கம் இப்பணியைத் தனது தாய்சேய் நலச் சேவையின் பகுதியாக ஏற்றுக்கொண்டது.

இவ்வளர்ச்சியோடு சொல்லும் மாறியது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். கர்ப்பத்தடை என்னும் சொல் ஒதுக்கப்பட்டு, குடும்பத் திட்டம், குடும்பத் திட்டமிடல் என்பன வழக்கிற்கு வந்தன. தமிழ்நாட்டிலே குடும்பக் கட்டுப்பாடு என்பது பெருவழக்காயிற்று. இச்சொற்கள் வெறும் மொழிபெயர்ப்புகள் எனக் கருதுதல் பொருந்தாது. கர்ப்பம் என்பது பெண்ணின் உடலில் நிகழ்வது. கர்ப்பத்தடை எனும்போது பெண்ணே சொல்லின் நடுவில் நிற்கின்றாள். குடும்பம் என்பது ஒரு நிறுவனம். அதற்குத் தலைவன் உண்டு, மூத்தோர் உண்டு. குடும்பத் திட்டம் எனும்போது திட்டமிடுபவர் யார் என்பது மறைந்துவிடுகின்றது. கட்டுப்பாடு எனும்போதோ கட்டுப்படுத்துவோர் ஒருவரும் கட்டுப்படுவோர் ஒருவரும் இருந்தே தீர வேண்டும். அச்சொல்லின் வன்மையை இந்தியா 1975 முதல் 1977 வரையான அவசரநிலைக் காலத்திற் கண்டது. அக்காலத்து வட இந்தியாவில் ஆண்கள் வலிந்து சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்ட செய்தி உலகறிந்தது.

குடும்பத் திட்டம் என்னும் சொல்லுக்கு ஒரு நன்மையும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. கர்ப்பத்தடை எனக் கூசியோர் குடும்பத் திட்டம் எனக் கூசாது பேசினர். மாமியார் முன்னிலையிலும் அச்சொல்லைக் கூறமுடிந்தது. நாணத்தைக் கடக்க உதவிய சொல்லை நாம் இழித்துரைக்க வேண்டியதில்லை. ஆயின், நாணத்தைக் கடப்பதற்காகக் கொடுக்கப்பட்ட விலை என்ன என்பதையும் கணக்கிட வேண்டும். திருமணமாகாதவர் அச்சொல்லின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டனர் என்பதே அவ்விலை.

4

இனி, இவ்வெழுத்தின் இலக்கண அமைதியை நோக்குவோம். நம் நாட்டுச் சுகாதார எழுத்தில் மிகுதியும் பயில்வது செயப்பாட்டுவினை. வழங்கப்படும், பொருத்தப்படும், ஏற்றப்படும், மேற்கொள்ளப்படும் என்றவாறு வாக்கியங்கள் முடிகின்றன. வழங்குபவரும் மறைகின்றார், பெறுபவரும் மறைகின்றார். பொருள் மட்டும் எஞ்சி நிற்கின்றது. சனத்தொகையியலாரின் ஆங்கில வழக்கைத் தழுவி, கருத்தடை முறையொன்றைப் பயன்படுத்தத் தொடங்குபவரை ‘ஏற்போர்’ எனத் தமிழில் எழுதும் வழக்கமும் உண்டு. ஏற்றல் என்பது தமிழில் எளிய சொல்லன்று. ஈவோர், ஏற்போர் எனும்போது ஈபவர் கை மேலும் ஏற்பவர் கை கீழும் நிற்பதாக நம் மரபு கொள்ளும். இலவச மருத்துவத்திற்குத் தன் உழைப்பாலும் வரியாலும் உரிமைபெற்ற குடிமகள் ஒருத்தியை இரவலராக்கும் சொல் இது.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது ‘தகுதியான குடும்பம்’ என்னும் தொடர். கிராமந்தோறும் பணிபுரியும் பொதுச் சுகாதார மருத்துவமாது, நம்மவர் பேச்சில் குடும்பநல உத்தியோகத்தர் அல்லது மருத்துவிச்சி, தம் பிரிவிலுள்ள தகுதியான குடும்பங்களின் பதிவேடு ஒன்றைப் பேணி வருகின்றார். குடும்பமாக வாழும் பிள்ளைபெறும் வயதினரே பெரும்பாலும் அதில் இடம்பெறுவர். நிர்வாக நோக்கில் இப்பதிவேடு மிகப் பயனுடையது. நம் நாட்டின் தாய்சேய் நலத்தின் முதுகெலும்பே அதுதான் என்றாலும் மிகையாகாது. மழையிலும் வெயிலிலும் வீடுவீடாய்ச் சென்ற இம்மாதரின் உழைப்பினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ‘தகுதி’ என்னும் சொல் பதிவேட்டினின்றும் இறங்கி மக்கள் மனத்திற் புகும்போது வேறு பொருள் பெறுகின்றது. 1978இல் கட்டுநாயக்காவிலே தொடங்கப்பட்ட சுதந்திர வர்த்தக வலயத்திற்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் இளம்பெண்கள் வேலை தேடிச் சென்றுள்ளனர். திருமணமாகாத அவர்கள் தம் ஊர்ப் பதிவேட்டிலும் இல்லை, தங்குமிடத்துப் பதிவேட்டிலும் இல்லை. தகுதியற்றவளாகத் தன்னைக் கருதிக்கொள்ளும் பெண் சிகிச்சை நிலையத்தின் வாயிலை மிதிக்கமாட்டாள். மருந்துக்கடையில், ஆண்கள் சூழ நின்று, தாழ்ந்த குரலில் கேட்பதே அவளுக்கு எஞ்சிய வழி.

பெயரிடுதலிலும் நாம் கவனிக்க வேண்டியவை உள. 1973இல் ‘பிரீதி’ என்னும் பெயரில் ஆணுறை ஒன்று விற்பனைக்கு விடப்பட்டது. மருந்துக்கடைகளில் மட்டுமன்றிப் பலசரக்குக் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அது விற்கப்பட்டது. அப்பெயர் சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒருங்கே விளங்குவது, மகிழ்ச்சியைச் சுட்டுவது, உறுப்பையோ நோயையோ நினைவூட்டாதது. கேட்பவன் நாணாமற் கேட்கக்கூடிய சொல்லாக அது அமைந்தது. பின்னர் வந்த மாத்திரைக்கு ‘மித்துரி’ எனப் பெயரிட்டனர். தோழி என்பது அதன் சிங்களப் பொருள். சிங்களப் பெண்ணுக்கு அது அன்பின் அழைப்பு. மித்திரன் என்னும் சொல்லை அறிந்த தமிழர்க்கு ஒருவாறு உய்த்துணரத்தக்கதாயினும், தமிழ்ப் பெண்ணுக்கு அது பொருளற்ற ஒலியே. ஒரு பெயர் இரு மொழிக்கும் பொதுவாக அமைய, மற்றையது ஒரு மொழிக்குள் ஒடுங்கியது. இது தீய எண்ணத்தால் நேர்ந்தது என நாம் கூறவில்லை. எழுதுவோர் தம் முன் யாரை இருத்தி எழுதுகின்றனர் என்பதற்கு இஃதொரு சான்று என்றே கூறுகின்றோம்.

5

சொல்லைப் பற்றிய இவ்விசாரணை வெறும் சொல்லாராய்ச்சியாக முடிந்துவிடாதிருக்க, மலையகத்தின் அனுபவத்தை நாம் நோக்க வேண்டும். மேலே குறித்த 1958ஆம் ஆண்டின் சுவீடன் திட்டம் தன் முன்னோடிக் களங்களாகத் தேர்ந்தவை இரண்டு: தென்மேற்குத் தாழ்நிலத்துக் கிராமப்பகுதியான பண்டாரகம, மற்றையது தோட்டப்பகுதியான டயகம. டயகமவின் தேயிலைத் தோட்டப் பெண்கள் இந்திய வம்சாவளித் தமிழர். அவர்தம் சமூகத்தின் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்த காலம் அது. வாக்குரிமை வழங்குவதற்கு அவர்களை இந்நாட்டவராகக் கொள்ளாத அரசு, கருத்தடை வழங்குவதற்கு அவர்களை முதல்வரிசையில் வைத்தது. கருத்தடை அப்பெண்களுக்கு வேண்டாததாயிருந்தது என்பது நம் கருத்தன்று. அடிக்கடி நிகழ்ந்த பேறும் அதனால் நேர்ந்த சாவும் மிகுந்திருந்த லயங்களில் அது பலரைக் காத்திருக்கும். நாம் சுட்டுவது, உரிமைகளின் வரிசை தலைகீழாக நின்றமையையே.

1980ஆம் ஆண்டு தொடக்கம் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசாங்கம் பணம் வழங்கியது. அத்தொகை பின்னர் ரூபா 500 வரை உயர்ந்தது. அக்காலத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியோடு ஒப்பிடுமிடத்து இது சிறு தொகையன்று. மாதந்தோறும் குளிசை பெறவும், மூன்று மாதத்துக்கொரு முறை ஊசி போடவும் மலையிறங்கிச் செல்லும் பெண்ணுக்கு அன்றைய பேர் விழாது; கூலி போகும். சத்திரசிகிச்சைக்கோ பணம் கிடைக்கும். மறுபுறத்தில், 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நலன்கள் கட்டளைச்சட்டத்தின்படி மகப்பேற்றுக்கால நன்மையை வழங்க வேண்டியவர் வேலைகொள்வோர் ஆதலின், பேறு குறைவது தோட்ட நிருவாகத்துக்கும் செலவைக் குறைப்பதாயிற்று. தற்காலிக முறைக்குப் போகும் வழியில் கூலியிழப்பு, நிரந்தர முறைக்குப் போகும் வழியில் வெகுமதி என இருக்கும்போது, அவள் எதனைத் ‘தெரிந்தாள்’ என்று எழுதுவது? வற்புறுத்தல் என்பது கையைப் பிடித்து இழுத்தல் மட்டுமன்று. ஒரு வழியைச் செங்குத்தாகவும் மற்றையதைச் சரிவாகவும் அமைத்துவிடுதலும் வற்புறுத்தலே.

இவ்விடத்தில் ‘கருத்தடை’ என்னும் சொல்லின் குறைபாடு கொடியதாகின்றது. குளிசையும் கருத்தடை, ஊசியும் கருத்தடை, லூப்பும் கருத்தடை, குழாய்களைக் கட்டி வெட்டும் சத்திரசிகிச்சையும் கருத்தடை. நிறுத்தியவுடன் மீளக்கூடியதும் வாழ்நாள் முழுதும் மீளாததும் ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன. ‘தற்காலிக’, ‘நிரந்தர’ என்னும் வடசொல் அடைமொழிகள் அச்சில் இருப்பினும் பேச்சில் உதிர்ந்துவிடுகின்றன. கருத்தடைக்கு இணங்கினாள் என்னும் ஒரு வாக்கியம் எதற்கு இணங்கினாள் என்பதைச் சொல்வதில்லை. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிளிநொச்சி மாவட்டத்தின் சில கரையோரக் கிராமங்களிலே, போருக்குப் பின் மீள்குடியேறிய பெண்களுக்கு, முறையான விளக்கமும் சம்மதமுமின்றித் தோலடிக் கருத்தடை பொருத்தப்பட்டதாக முறைப்பாடுகள் பகிரங்கமாயின. தோலடியிற் பொருத்துவது அகற்றக்கூடியது. ஆனால் அகற்றலாம் என்பதை அறியாதவளுக்கு அது நிரந்தரமே. சம்மதம் என்பது ஒப்பத்தில் இல்லை. விளங்கிய சொல்லிலேயே உள்ளது.

6

சொல் தெளிவின்மையின் மற்றொரு விளைவு வதந்தி. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்திலே உணவில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதெனக் கிளம்பிய பேச்சு வன்முறையாக வெடித்தது, பள்ளிவாசலும் தாக்குதலுக்குள்ளாயிற்று. உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லை. அரசாங்கப் பகுப்பாய்வாளரின் சோதனையில் அங்குக் கண்டது மாவுப்பொருளே எனத் தெரியவந்தது. 2019இல் குருநாகலில் வைத்தியர் ஒருவர் பெண்களை அவர்கள் அறியாது மலடாக்கினார் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் பரப்பப்பட்டது. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தது. கருத்தடைக்கும் மலட்டுத்தன்மைக்கும் உள்ள வேற்றுமையை எளிய மொழியில் மக்கட்குக் கற்பியாத எழுத்து, இத்தகைய வதந்திக்கு நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

இவ்வதந்திகளின் அடியில் ஓடுவது இனத்தின் தொகை பற்றிய அச்சம். அவ்வச்சம் பெரும்பான்மையினர்க்கு மட்டும் உரியதன்று என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு நமக்கு வேண்டும். போரில் அழிந்த தமிழரின் தொகையை ஈடுசெய்யத் தமிழ்ப் பெண்கள் அதிகம் பெறவேண்டும் என்னும் பேச்சு நம்மிடையேயும் எழுகின்றது. துயரத்தினின்றும் பிறந்த பேச்சு அது. ஆயினும் அதன் தருக்கம் தோட்ட நிருவாகத்தின் தருக்கமே. ஒன்று குறைக்கச் சொல்கின்றது, மற்றையது கூட்டச் சொல்கின்றது. இரண்டும் பெண்ணின் வயிற்றைக் கணக்கேட்டின் பக்கமாகவே காண்கின்றன. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் மகனை ஈன்று வளர்த்தலைத் தாயின் கடமையாகவும், ஏனைய கடமைகளைத் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரியனவாகவும் வகுத்துரைப்பர். வீரயுகச் சமுதாயத்தின் தேவையை அப்பாடல் உண்மையாகப் பிரதிபலித்தது. அதனை இன்றைய பெண்ணுக்கு விதியாக எடுத்துரைப்போர் பாடலையும் விளங்கிக்கொள்ளவில்லை, காலத்தையும் விளங்கிக்கொள்ளவில்லை.

கணக்கேடுகள் எவ்வளவு குறையுடையன என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1987ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீடு, மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 62 பேர் ஏதேனும் ஒரு கருத்தடை முறையைப் பயன்படுத்துவதாகக் காட்டியது. அம்மதிப்பீட்டில் வடக்கும் கிழக்கும் இடம்பெறவில்லை. 1993லும் அவ்வாறே. 2006, 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டில் வடமாகாணம் விடுபட்டது. போர் முடிந்தபின், 2016இலேயே எல்லா மாவட்டங்களும் அடங்கிய மதிப்பீடு வெளிவந்தது; அதில் அவ்வெண் ஏறத்தாழ 65. ஆக, ஒரு தலைமுறைக் காலம் வடக்குப் பெண்கள் என்ன பெற்றனர், என்ன பெறவில்லை என்பது தேசிய ஏட்டில் எழுதப்படவேயில்லை. எழுதப்படாத பெண்களைப் பற்றி, அவர்கள் அதிகம் பெற்றார்கள் என்றோ குறைவாகப் பெற்றார்கள் என்றோ மேடைகளில் முழங்கியோர் எதனை ஆதாரமாகக் கொண்டனர்?

7

குறை கூறுவதோடு விமர்சனம் முடிந்துவிடலாகாது. கருத்தடை பற்றிய தமிழெழுத்து எவ்வாறு அமையவேண்டும் என்பதையும் நாம் கூறக் கடமைப்பட்டுள்ளோம். முதலாவதாக, வினைமுற்றுக்கு எழுவாய் வேண்டும். நீங்கள் கேட்கலாம், நீங்கள் மறுக்கலாம், நீங்கள் நிறுத்தலாம் என அது பேசவேண்டும். இரண்டாவதாக, மீளக்கூடியதையும் மீளாததையும் ஒரே சொல்லாற் குறித்தல் கூடாது. முன்னதைக் கருத்தடை எனவும், பின்னதைப் பேறுநிறுத்தம் எனவும் வழங்கலாம் என்பது நமது பணிவான முன்மொழிவு. இதனினும் சிறந்த சொல்லை வேறெவரேனும் தருவாராயின் மகிழ்ச்சியோடு ஏற்போம். மூன்றாவதாக, ஒவ்வொரு முறைக்கும் ஐந்து வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும்: எங்கே கிடைக்கும், யார் தருவார், எவ்வளவு காலம் பயன்தரும், நிறுத்தினால் என்ன ஆகும், வேண்டாமெனில் என்ன செய்வது.

அவ்வாறு எழுதுதல் கடினமன்று. ஆணுறையும் குளிசையும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிடைக்கும், மருந்துக்கடையிலும் வாங்கலாம். ஆணுறை பாலியல் நோய்களினின்றும் காக்கும், ஏனையவை காக்கமாட்டா. குளிசையை நாள்தோறும் தவறாது உட்கொள்ள வேண்டும். தொடங்குமுன் உங்கள் உடல்நிலையைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஊசியின் பயன் மூன்று மாதம் நிற்கும். நிறுத்தியபின் கருத்தரிக்கச் சில மாதம் தாமதமாகலாம், ஆனால் நீங்கள் மலடாகமாட்டீர்கள். செப்பு லூப் பத்தாண்டு வரையும், தோலடியிற் பொருத்தும் குச்சிகள் வகைக்கேற்ப ஐந்தாண்டு வரையும் பயன்தரும். சுகாதார வைத்திய அதிகாரியின் பிரிவுச் சிகிச்சை நிலையத்தில் இவற்றைப் பொருத்துவர். எப்போது வேண்டாமெனினும் அகற்றும்படி கேட்கலாம், காரணம் கூற வேண்டியதில்லை. பாதுகாப்பற்ற உறவு நேர்ந்துவிடின், மருந்துக்கடையில் கிடைக்கும் அவசரக் குளிசையை இயன்றளவு விரைவில், 72 மணித்தியாலத்துக்குள் உட்கொள்க. அது கருக்கலைப்பு மருந்தன்று. சத்திரசிகிச்சை நிரந்தரமானது என எண்ணியே முடிவுசெய்யுங்கள்; இன்று இணங்கியிருந்தாலும் மேசையிற் படுக்கும்வரை மறுக்கலாம். இத்தனையும் ஒரு பக்கத்துள் அடங்கிவிடுகின்றன. அலங்காரமும் உபதேசமும் நீக்கப்பட்டால் உண்மைக்கு இடம் தாராளமாகக் கிடைக்கின்றது.

இங்ஙனம் தெளிவாக எழுதுவதன் அவசரத்தை உணர்த்தும் ஓர் உண்மையைக் கூறி முடிப்போம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நடைமுறையில் உள்ளது. தாயின் உயிரைக் காக்கும் நோக்குடனன்றிக் கருவை அழித்தல் அதன்படி குற்றம். ஆகவே கருத்தரிப்பதற்கு முன் வேண்டாம் எனச் சொல்லும் வாய்ப்பைத் தவறவிட்ட பெண்ணுக்கு, பின்னர்ச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வாயில் மிகக் குறுகியது. மறைவிடங்களை நாடிச் சென்று உயிரிழந்தோர் நம் நாட்டில் உளர். அவர்களுள் ஒருத்திக்கு ஒரு தெளிவான வாக்கியம் உரிய காலத்தில் எட்டியிருப்பின் அவள் பிழைத்திருக்கக்கூடும். உரைநடையின் தெளிவு என்பதை நடையழகின் ஓர் உறுப்பாகவே பேசிப் பழகிய நாம், அது உயிர்காக்கும் கருவியுமாகும் என்பதை இத்துறையிற் காண்கின்றோம்.

பதினாறு பேறுகளுள் நன்மக்களும் ஒன்று, அறிவும் ஒன்று, நோயின்மையும் ஒன்று. எதனை எப்போது பெறுவது என்பதைப் பெறுபவளே தீர்மானிக்கும் நாளிலேதான் அவ்வாழ்த்து முழுமைபெறும். அதற்குரிய சொல்லைத் தேடிக் கொடுத்தல் தமிழறிந்தோர் கடன்.